அக்காவுக்கு முடிவு தெரியும்

அந்த வீட்டில் கதை கேட்பதற்குச் சட்டம் இருந்தது. போட்டவள் மூத்த மகள். வீட்டில் என்ன சண்டை வந்தாலும் இரண்டு தரப்பையும் உட்கார வைத்து விசாரித்து, ஒரு தீர்ப்புச் சொல்லாமல் விடமாட்டாள். அதனால் அவளுக்கு நீதிபதி என்று பெயர் வந்துவிட்டது. ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்தவள் பொடிசு. இரண்டாம் வகுப்பு, வாய் மட்டும் கல்லூரி.

சட்டம் சின்னதுதான். நாலு பேரும் இருந்தால் மட்டுமே கதை ஓடும். யாராவது தண்ணீர் குடிக்க எழுந்தாலும் நிறுத்திவிட வேண்டும். தனியாக முன்னால் போய்க் கேட்பது பெருங்குற்றம்.

அவர்களுடைய அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அம்மா கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். பகலெல்லாம் அவன் இருட்டுக் குழிக்குள் தலையை அண்ணாந்து நிற்பான். அவள் விளக்கடியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் இரண்டு பேருக்கும் கழுத்து பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கைபேசியை ஓர் எவர்சில்வர் கிண்ணத்துக்குள் நிறுத்தி வைத்துக் கதையைப் போடுவார்கள். கிண்ணத்துக்குள் வைத்தால் சத்தம் கூடும் என்பது நீதிபதியின் கண்டுபிடிப்பு. மனைவி துணி மடிப்பாள். அவன் தரையில் மல்லாந்து படுப்பான். பொடிசு அவன் வயிற்றின் மேல் தலையை வைத்துக்கொள்வாள். நீதிபதி மட்டும் நாற்காலியில்.

கதை, ஒரு நாட்டின் சத்தங்களை எல்லாம் திருடிப் பானைகளில் அடைத்து வைக்கும் ராணியைப் பற்றியது. சத்தம் போனதும் ஆற்றுக்கு ஓடுவது மறந்துவிடுகிறது. ஆற்றின் சத்தத்தை மீட்டுவரத் தும்பி என்று ஒரு பெண் புறப்படுகிறாள். துணைக்கு ஒரு கழுதை. ஒரு காலத்தில் தளபதியாக இருந்த கழுதை. அதன் தொண்டையைத்தான் ராணி முதலில் பறித்திருந்தாள். ஆகவே கிசுகிசுப்பாகத்தான் பேசும். ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்தாது. ஒவ்வொரு முறையும் "பெருமதிப்பிற்குரிய சபையோரே" என்று தொடங்கும். கதை படித்த பெண்மணி யாரென்று தெரியாது. ராணிக்கு ஒரு குரல், தும்பிக்கு ஒரு குரல், கழுதைக்கு ஒரு குரல் என்று தனி ஆளாக ஒரு நாட்டையே நடத்திக்கொண்டிருந்தாள்.

வீடு முழுக்கக் கழுதை புகுந்துவிட்டது. சாப்பிடும்போது அவன் தொண்டையைக் கட்டிக்கொண்ட மாதிரி, "பெருமதிப்பிற்குரிய சபையோரே, உப்பு" என்பான். பொடிசு விழுந்து விழுந்து சிரிப்பாள். நீதிபதி உதட்டைக் கடித்துக்கொள்வாள். நீதிபதி சிரிக்கலாமா என்ற யோசனை அவளுக்கு எப்போதும் உண்டு.

ஒருமுறை அவன் வேலை இடத்தில் ஆசையை அடக்க முடியாமல் ஓர் அத்தியாயம் முன்னால் போய்க் கேட்டுவிட்டான். அன்று சாயங்காலம் கழுதை சேற்றில் விழப்போகிற இடத்துக்குச் சற்று முன்னாலேயே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீதிபதி கதையை நிறுத்தினாள்.

"அப்பா, ஏன் சிரிச்சே?"

"சும்மா. வேற ஏதோ ஞாபகம்."

"கழுதை இன்னும் விழவே இல்ல."

அவன் முழித்த முழியிலேயே வழக்கு முடிந்துவிட்டது. ஒரு வாரம் பாத்திரம் கழுவச் சொல்லித் தீர்ப்பு. மனைவி நீதிமன்றத்துக்குப் பெரிய கும்பிடு போட்டாள்.

பிறகுதான் நீதிபதியின் காலில் நீலத் திட்டுகள் தெரிந்தன. எங்கேயோ இடித்துக்கொண்டாள் என்று நினைத்தார்கள். பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் படுத்துக்கொண்டாள். காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. ரத்தத்தைச் சோதித்த மருத்துவர், அவர்கள் இருவரையும் மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். ரத்தப் புற்று என்று அவர் சொன்னபோது அவன் காதில் விழுந்தது வெளியே லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம்தான். மூடும்போது ஓர் இழுவை இருந்தது. அதைச் சரி செய்ய வேண்டும் என்று நினைத்தான். மனைவி அவன் கையைப் பிடித்த பிறகே அவர் சொன்னது உள்ளே இறங்கியது.

மருத்துவமனையில் அவளைத் தனி அறையில் வைத்தார்கள். கூட ஒருவர்தான் இருக்கலாம், அதுவும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு. சின்னக் குழந்தைகளுக்கு அனுமதியே கிடையாது. கதை நின்றுபோகும் என்று அவன் நினைத்தான். ஆனால் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடியே நீதிபதி சட்டத்தைத் திருத்தினாள்.

"ஃபோன்ல இருந்தாலும் இருக்கிற மாதிரிதான் கணக்கு."

அப்படியே நடந்தது. கணவன், மனைவி இருவர் கைபேசியிலும் கதை இருந்தது. வீட்டில் ஒன்றில் கதை ஓட, பக்கத்து வீட்டுக்காரியிடம் வாங்கி வைத்த இன்னொன்றில் மருத்துவமனை அறை தெரியும். சத்தம் அங்கே போய்ச் சேர ஒரு நொடி ஆகும். இங்கே பொடிசு சிரித்து முடித்த பிறகு அங்கே நீதிபதி சிரிப்பாள். அந்த இடைவெளியில் வீட்டில் யாரும் மூச்சு விடமாட்டார்கள். சிரிப்பாளா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மருந்து ஏற ஏற அவளால் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை. கதை நடுவில் தூங்கிப்போவாள். மறுநாள் பின்னால் போவார்கள். மறுபடி தூங்கிப்போவாள். தும்பியும் கழுதையும் ராணியின் பானை அறை வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். கதவில் கழுதை காதை வைத்தது. அங்கே கதை நின்றது. "கொஞ்சம் தெம்பு வரட்டும்" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு மத்தியானம் அவன் கூட இருந்தான். திறக்க முடியாத சன்னல் வழியாக வெயில் வந்து அவள் போர்வையின் மேல் கிடந்தது. மேலே காற்று வருகிற குழாயில் ஒரு முனகல்.

"அப்பா, அந்த ஃபேன்ல பேரிங் போச்சு இல்ல?" என்றாள்.

"போச்சு. உனக்கு எப்படித் தெரியும்?"

"நீதானே வீட்ல இருக்கிற எல்லாத்துக்கும் பேரிங் போச்சுன்னு சொல்லுவே."

அவன் சிரித்தான். அவள் முடியெல்லாம் கொட்டி, காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தான்.

"அப்பா, மீதிக் கதையைப் போடேன்."

"பொடிசு இல்லையே."

"பரவாயில்ல. முடிவு வரைக்கும் போடு. எனக்குத் தெரியணும்."

அவன் கை சட்டைப்பைக்குப் போனது. போன கை அங்கேயே நின்றுவிட்டது. இன்றைக்கு ஏன் முடிவைக் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அதைப் போட்டுவிட்டால், தனக்கும் தெரியும் என்று அவளிடமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

"சட்டம் போட்டது யாரு?" என்றான். "வீட்டுக்குப் போய் நாலு பேரும் உக்காந்து கேக்கலாம். கிண்ணத்துல வெச்சு."

அவள் அவனைப் பார்த்தாள். வழக்கை விசாரிக்கும்போது பார்ப்பாளே, அப்படி. பிறகு, "சரிப்பா" என்றாள்.

அவ்வளவுதான். வாதாடவில்லை. வாதாடாமல் அவள் ஒரு விஷயத்தை விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை என்பது அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

அடுத்த வாரம் ஒரு விடியலில் அவள் இறந்துபோனாள்.

வந்தவர்கள் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். வீட்டில் மூன்று பேர் மிஞ்சினார்கள். மனைவி கடைக்குப் போனாள். பொடிசு பள்ளிக்குப் போனாள். அவனும் வேலைக்குப் போனான். லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் ஏறி நின்று, மேலேயும் கீழேயும் இருட்டாக இருக்கும் அந்தக் குழிக்குள் அவன் அழுவான். அங்கேதான் யாருக்கும் கேட்காது. மேலே எந்திர அறையில் இருக்கும் அவனுடைய கூட்டாளிக்கு மட்டும் தெரியும். முன்பெல்லாம் "ஆச்சா? ஏத்தட்டுமா?" என்று அவசரப்படுத்துகிற ஆள், இப்போது அவனாகக் குரல் கொடுக்கும் வரை சும்மா இருந்தான்.

அவன் அழுததில் பாதி அந்தச் "சரிப்பா"வுக்காக. அந்தப் பெண் கேட்டது ஒரு கதையின் முடிவு. கையில் இருந்தது. விரலால் தொட்டால் போதும். தன்னுடைய பயத்துக்கு அவளுடைய ஆசையைக் காவு கொடுத்துவிட்டோம் என்றே திரும்பத் திரும்ப நினைத்தான். மனைவியிடம் சொல்லலாம் என்று பலமுறை வாயைத் திறந்திருக்கிறான். கண்ணாடிக் கடையிலிருந்து வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறவளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது. மூடிக்கொள்வான்.

வீடு சத்தமில்லாமல் ஆகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் தட்டுச் சத்தம்தான். பொடிசு உப்புக் கேட்கும்போது வெறும் "உப்பு" என்றாள். சண்டை போட ஆள் இல்லாமல் ரொம்ப நல்ல பிள்ளையாகிவிட்டாள். அதைப் பார்க்கத்தான் அவனுக்குத் தாங்கவில்லை. பெரியவளுக்குச் செய்யாததை இவளுக்காவது செய்யலாம் என்று தோன்றியது. ஒரு விடுமுறை நாள் காலையில், சோபாவில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தவளிடம் போய் உட்கார்ந்தான்.

"பொடிசு, அந்தக் கழுதைக் கதை பாதியில நிக்குதே. மீதியைக் கேக்கலாமா?"

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

"ஏன்டா? உனக்குத் தெரிஞ்சுக்க ஆசையா இல்லையா?"

"ஆசையாத்தான் இருக்கு."

"அப்புறம்?"

"அக்காவுக்கு முடிவு தெரியாதுல்ல. அவளுக்குத் தெரியாம நான் மட்டும் கேட்டா தப்புப்பா."

சோபாவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான். குழந்தை முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்தான். அப்போது மேசைப் பக்கமிருந்து மனைவியின் குரல் வந்தது. யாருடையதோ ஒரு கண்ணாடிக்குச் சின்ன ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அக்காவுக்குத் தெரியும்."

பொடிசு திரும்பினாள். "எப்படி?"

"நான் போட்டேன். ஆஸ்பத்திரியில. ஒருநாள் சாயங்காலம்."

"நாங்க இல்லாமலா?"

"ஆமா. அக்கா கேட்டா. போட்டேன்."

பொடிசு அதை மென்று விழுங்கினாள். முதலில் கோபம் வந்தது. பிறகு அது போய், முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சமானது. "அப்ப அவளுக்கு ராணி என்ன ஆனான்னு தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப நாமளும் கேக்கலாம்" என்று சோபாவிலிருந்து குதித்தாள்.

அவன் எழுந்து சமையலறைக்குப் போனான். மனைவி பின்னாலேயே வந்தாள்.

"எப்ப?" என்றான். குரலைத் தாழ்த்தத் தாழ்த்த அது தடித்துக்கொண்டே போனது.

"நீங்க முடியாதுன்னு சொன்னீங்களே, அன்னிக்குச் சாயங்காலம். நீங்க கிளம்பினதும் என்கிட்ட கேட்டா."

"ஏன் என்கிட்ட சொல்லல? இத்தனை நாளா நான்..." அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டான். "இத்தனை நாளா நான் அந்தக் குழிக்குள்ள நின்னு செத்துக்கிட்டிருக்கேன். உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க எங்க சொன்னீங்க?"

"நீ போட்டிருக்கே. அப்படின்னா நீ முடிவு பண்ணிட்டே. அவ பிழைக்க மாட்டான்னு நீ அப்பவே கைகழுவிட்டே."

சொன்னதும் அவனுக்கே அதைத் திரும்ப அள்ளிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மனைவி அழவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"முடியாதுன்னு சொல்ல உங்களுக்குத் தெம்பு இருந்தது. எனக்கு இல்ல. எம்பொண்ணு கேட்டா, குடுத்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "சொல்ல வேணாம்னது அவதான்" என்றாள்.

"யாரு?"

"'அப்பாகிட்ட சொல்லாதம்மா. வீட்டுக்குப் போய்க் கேக்கலாம்னு சொல்லியிருக்காரு. நான் வீட்டுக்கு வருவேன்னு அவர் நினைச்சுக்கிட்டிருக்கட்டும்.' இப்படித்தான் சொன்னா. நான் அப்புறம் எப்படி உங்ககிட்ட வந்து சொல்றது?"

அவன் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டான். எங்கே போகிறோம் என்று தெரியாமல் தெருத் தெருவாக நடந்தான். பழக்கடை, சலூன், பேருந்து நிறுத்தம் எல்லாம் அவனைக் கடந்து போயின. அவளுக்கு முன்னால் தைரியமாக நடிக்கிறோம் என்று அவன் நினைத்திருந்தான். நடித்தது அவள். பன்னிரண்டு வயதுப் பெண், கட்டிலில் கிடந்துகொண்டு, தன் அப்பனுடைய நம்பிக்கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் சில நாட்கள் அவனும் மனைவியும் தேவைக்கு மட்டும் பேசினார்கள். பால் வந்ததா, சாவி எங்கே, அவ்வளவு. பொடிசுதான் இடையில் நச்சரித்துக்கொண்டிருந்தாள். "அக்காவுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரிய வேணாமா? எப்பப் போடுவீங்க?" வேலை இடத்தில் ஒருநாள் அவன் ஒரே பட்டையை மூன்றாவது முறையாகத் தப்பாகப் பொருத்துவதைப் பார்த்த கூட்டாளி, கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டான்.

"மீதியை நான் பாத்துக்கறேன். வீட்டுக்குப் போ."

"எனக்கு ஒண்ணுமில்ல."

"உனக்கு ஒண்ணுமில்ல. லிஃப்ட்ல ஏறப்போறவங்களுக்கு ஏதாவது ஆகும். போ."

அவன் மத்தியானமே வீடு வந்து சேர்ந்தான். பொடிசு பள்ளியிலிருந்து வந்திருந்தாள். மனைவிக்குக் கடையில் அன்று விடுமுறை. கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் கைகாலைக் கழுவிக்கொண்டு வந்து, அலமாரியின் மேல்தட்டிலிருந்து கிண்ணத்தை எடுத்துத் தரையில் வைத்தான். பொடிசு ஓடிப்போய்ச் சன்னல் கதவைச் சாத்தினாள், தெருச் சத்தம் வராமலிருக்க.

"உன் ஃபோனைக் குடு" என்றான் மனைவியிடம்.

"உங்க ஃபோன்லயே போடுங்க."

போட்டான். பானை அறையின் கதவில் கழுதை காதை வைத்துக்கொண்டு அத்தனை மாதமாக நின்றுகொண்டிருந்தது. படிக்கும் பெண்மணியின் குரல் கிண்ணத்துக்குள்ளிருந்து எழுந்து வந்தது. "பெருமதிப்பிற்குரிய சபையோரே" என்றது கழுதை, கதவைப் பார்த்து.

பொடிசு நிறுத்தினாள். "இங்க அக்கா என்ன பண்ணா?"

மனைவி உடனே சொன்னாள். "தலைகாணியை முதுகுக்கு வைக்கச் சொன்னா. 'கதவுக்கு எதுக்கு மதிப்பு'ன்னு கேட்டா."

பொடிசு சிரித்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. கொஞ்சம் ஓடும், நிறுத்துவாள். இங்கே அக்கா என்ன பண்ணாள், இங்கே சிரித்தாளா, இங்கே பயந்தாளா. மனைவி சொல்லிக்கொண்டே வந்தாள். இங்கே தண்ணீர் கேட்டாள். இங்கே நர்ஸ் வந்து ஊசி போட்டாள். அந்த நர்ஸையும் உட்காரவைத்துக் கொஞ்சம் கேட்க வைத்தாள். இங்கே ராணியின் காவலாளி பெயரைத் தப்பாகச் சொன்னதற்கு என்னைத் திருத்தினாள். இங்கே தூங்கிவிட்டாள், முழித்ததும் பின்னால் போய்ப் போட்டேன்.

அவன் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். பொடிசின் தலை வயிற்றின் மேல் கனத்தது. ராணியையும் கழுதையையும் விட அவன் காது மனைவி சொல்வதில்தான் இருந்தது. மகளின் வாழ்க்கையில் தான் இல்லாத ஒரு சாயங்காலம், அப்படியே உடையாமல், இப்போது அவன் கைக்கு வந்துகொண்டிருந்தது. அந்த மங்கல் அறை, பேரிங் போன விசிறி, முதுகுக்கு ஒரு தலையணை. அவள் கேட்டிருக்கிறாள். சிரித்திருக்கிறாள். அது போதும் என்று நினைத்தான். போதவில்லைதான். ஆனாலும் நினைத்தான்.

கடைசி அத்தியாயம் வந்தது. தும்பி பானைகளை ஒவ்வொன்றாக உடைத்தாள். குருவிச் சத்தம், வண்டிச் சத்தம், கதவுச் சத்தம் என்று ஒவ்வொன்றாக வெளியேறின. ஆற்றின் சத்தம் ஒரு பெரிய பானையிலிருந்து புரண்டு வந்தது.

"இங்க?" என்றாள் பொடிசு.

மனைவி மடித்த துணியை மறுபடி பிரித்தாள். "இங்க... கையை இப்படி நெஞ்சு மேல வெச்சுக்கிட்டா. ஒண்ணும் பேசல."

கடைசியாக மிஞ்சியது ஒரு சின்னப் பானை. அதில் கழுதையின் குரல். தும்பி அதை உடைத்ததும் படிக்கும் பெண்மணி தன் தொண்டையில் இருந்த அத்தனை பலத்தையும் திரட்டிக் கத்தினாள். கிண்ணம் அதிர்ந்தது. பொடிசு துள்ளி எழுந்தாள். குரல் கிடைத்த கழுதை, வெற்றி விழாவில் நன்றி சொல்ல ஆரம்பித்தது. ராணிக்கு நன்றி, பானைக்கு நன்றி, சேற்றுக்கு நன்றி. அது நிறுத்துகிற வழியாக இல்லை. கடைசியில் படிக்கும் பெண்மணியே குறுக்கிட்டு, "நேரமாகிவிட்டது தளபதி, குழந்தைகள் தூங்க வேண்டும்" என்று சொல்லிக் கதையை முடிக்க வேண்டியதாயிற்று.

கிண்ணத்தில் சத்தம் நின்றது.

"முடிஞ்சதும் அக்கா என்ன சொன்னா?" என்று பொடிசு கேட்டாள்.

மனைவி சன்னலைப் பார்த்தாள். யோசித்தாள். பிறகு, முகத்தை இறுக்கி, நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும் பாவனையில், "'அந்தக் கழுதைக்குக் குரலைத் திருப்பிக் குடுத்திருக்கவே கூடாது. இது என் தீர்ப்பு'ன்னா" என்றாள்.

பொடிசு விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான். மனைவியும். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவன் எப்போது அழ ஆரம்பித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. பொடிசு திகைத்துப் பார்த்தாள். பிறகு அவன் தலையைத் தடவிக்கொடுத்து, "அக்காவுக்குத் தெரிஞ்சிருச்சுப்பா, அழாத" என்றாள்.

பொடிசு பக்கத்து வீட்டுக்காரியிடம் முடிவைச் சொல்ல ஓடினாள். மனைவி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அவன் வாசற்படியில் வந்து நின்றான்.

"நான் அன்னிக்குப் பேசினது தப்பு" என்றான். "நீ போட்டது நல்லதாப் போச்சு. முழுசாக் கேட்டுட்டுத்தான் போயிருக்கா. எனக்கு அது..."

மனைவி குழாயை மூடினாள். திரும்பவில்லை.

"முழுசாக் கேக்கல."

அவனுக்குப் புரியவில்லை.

"கடைசி அத்தியாயம் ஆரம்பிச்சப்போ தூங்கிட்டா. நல்ல தூக்கம். ரொம்ப நாளைக்கு அப்புறம் வலி இல்லாத தூக்கம். எழுப்ப மனசு வரல. நாளைக்குப் போடலாம்னு நிறுத்திட்டேன்." அவள் குரல் சன்னமாகிக்கொண்டே வந்தது. "மறுநாளே மூச்சுக்குக் குழாய் வெச்சுட்டாங்க. அப்புறம் அவளுக்கு நினைவு எங்க இருந்தது. கைகழுவிட்டேன்னு சொன்னீங்களே. நாளைக்குன்னு ஒண்ணு இருக்குன்னு நம்பித்தான் நிறுத்தினேன்."

அவன் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப பொடிசுகிட்ட?"

"அன்னிக்கு அவ, அக்காவுக்குத் தெரியாதுல்லன்னு கேட்டப்ப எனக்கு வேற வழி தெரியல. இன்னிக்கும் தெரியல."

"நீ எப்ப முடிவைக் கேட்டே?"

"இப்பத்தான். உங்களோட." கண்ணை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "அவ இல்லாம நான் மட்டும் எப்படிக் கேக்கறது?"

அவன் கடைசி அத்தியாயத்தை நினைத்துப் பார்த்தான். மடித்த துணியைப் பிரித்தது. நெஞ்சின் மேல் வைத்த கை. சன்னலைப் பார்த்து யோசித்தது. அப்போதைக்கப்போது, கதையைத் தானும் முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டே, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் என்ன செய்வாளோ அதைச் செய்ய வைத்திருக்கிறாள்.

"அந்தத் தீர்ப்பு?" என்றான்.

"வேற என்ன சொல்லியிருப்பா, சொல்லுங்க."

அவன் யோசித்துப் பார்த்தான். வேறு ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். அதே வார்த்தைகளைத்தான், அதே முகத்தோடுதான் சொல்லியிருப்பாள்.

பக்கத்து வீட்டிலிருந்து பொடிசு கழுதை மாதிரி கத்துவது கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவாள். அவன் எழுந்து போய்ச் சமையலறைக் கதவை மெல்லச் சாத்தினான். மனைவி அவன் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவள் அழுகிற சத்தம் வெளியே போகாமல் அவன் கதவில் முதுகை அழுத்திக்கொண்டு நின்றான்.